ஃபின்டன் கொண்டுபோன சேதிகள்

வாரத்தில் ஐந்து நாள் ஃபின்டன் கில்டே வாயைத் திறப்பது அபூர்வம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பின்னால் அத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தும்போது அவன் என்ன பேசினாலும் யார் காதிலும் விழப்போவதில்லை. அதனால் பேச்சையெல்லாம் சனிக்கிழமைக்கென்று சேர்த்து வைத்துக்கொள்வான்.

சனிக்கிழமை காலை முகச்சவரம், கறிக்கடை, மைதானம். எங்கள் ஊர்ப் பையன்கள் பந்தாட்டத்தில் தோற்பதைப் பாதிவரை நின்று பார்ப்பான். மீதிப் பாதி எப்படிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். மத்தியானம் பெர்ன் பப்புக்குள் நுழைந்து ஜன்னலோர முக்காலியில் ஏறி உட்காருவான். ஒரு கறுப்பு பீர். நுரை அடங்கும்வரை பொறுத்திருந்து, நிதானமாகக் குடித்து, தெருவைக் கடந்து எதிரே லாவின் பப்பில் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே சுற்றுதான், ஆனால் முதலில் லாவின், அப்புறம் பெர்ன். ஓரவஞ்சனை செய்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

எங்கள் ஊர் கில்டோரனில் இப்படி இரண்டு பக்கமும் போய்வர முடிந்த ஆள் அவன் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் ஏதாவது ஒரு பக்கம். காரணம், பெர்ன் பப்பை நடத்துகிற கன்செப்டாவும் லாவின் பப்பை நடத்துகிற அட்ராக்டாவும் கூடப்பிறந்த அக்கா தங்கைகள். பத்து வருஷத்துக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள்.

அப்பன் விட்டுப்போன பப் மூத்தவள் கன்செப்டாவுக்கு வந்தது. இளையவள் எதிர்ப்பக்கத்து டாமி லாவினைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அதுவரை சண்டையில்லை. சண்டை வந்தது ஒரு பாட்டால். எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு உண்டு. கன்செப்டாவினுடையது மாவு மில்காரன் மகள் ஆற்றோடு போன பாட்டு. அவள் அதைப் பாடினால் சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடுவது அடுத்தவர் பல் செட்டை எடுத்து மாட்டிக்கொள்வது மாதிரி. ஒரு உறவுக்காரக் கல்யாணத்தில், இரண்டு கிளாஸ் ஷெர்ரி உள்ளே போன தைரியத்தில், அட்ராக்டா எழுந்து நின்று அந்தப் பாட்டைப் பாடிவிட்டாள். அக்கா முன்னாலேயே. கைதட்டலும் வாங்கிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. கன்செப்டா பாடுவதும் நின்றது.

பேச்சு நின்றதே ஒழிய, எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்று அறிகிற ஆசை நிற்கவில்லை.

"எதிர்ல என்ன விசேஷம்?" என்று ஒரு சனிக்கிழமை கன்செப்டா கேட்டாள், கிளாஸைத் துடைத்துக்கொண்டே, ஏதோ பொழுதுபோகாமல் கேட்கிறவள் மாதிரி.

"ஒண்ணுமில்ல. சூப் போட்டிருந்தா. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டா. நல்லா இருக்கேன்னேன்."

"ஓ" என்றாள் கன்செப்டா. அவ்வளவுதான்.

அந்த "ஓ" ஃபின்டனைச் சுட்டது. வாரம் முழுக்க வாயடக்கி வந்த மனிதன் சொல்லுக்கு இதுதானா மரியாதை? மறுநாள் லாவின் பப்பில் அட்ராக்டா அதே கேள்வியைக் கேட்டபோது அவன் கிளாஸை உற்றுப் பார்த்தான்.

"அதை ஏன் கேக்கற. விடு."

"என்னன்னு சொல்லு."

"வேணாம் அட்ராக்டா. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா."

"சொல்லித் தொலையேன்."

"உன் சூப்பைப் பத்திப் பேச்சு வந்துச்சு. கிளாஸ் கழுவுன தண்ணியைச் சுட வச்சு ஊத்தறியாம். கரண்டியைப் போட்டா கரண்டியில எழுதியிருக்கற பேரு கூடப் படிக்க முடியுதாம்."

அட்ராக்டா சிவந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த சனிக்கிழமை லாவின் பப்பில் ஆட்டுக்கறியும் பார்லியும் போட்டு, கரண்டி செங்குத்தாக நிற்கிற மாதிரி ஒரு சூப் வந்தது. ஃபின்டன் இரண்டு கிண்ணம் குடித்தான். குடிக்கும்போதே அவன் மனதில் ஒரு கதவு திறந்தது.

பெர்ன் பப்பின் பெஞ்சுகள் வெறும் பலகை. ஃபின்டனுக்கு இடுப்பில் வலி. ஆகவே அட்ராக்டா சொன்னதாக ஒரு சேதி போயிற்று: "அக்கா கடையில ஒரு மணி நேரம் உட்காந்தவன் சாமியார்கிட்டப் பாவமன்னிப்பே கேக்க வேணாம், பாவமெல்லாம் பெஞ்சிலயே தீந்துடுது." பதினைந்து நாளில் பச்சை வெல்வெட் மெத்தை வந்தது. லாவின் பப்பின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருக்கிறவர் சத்தமாகப் பாடிக்கொண்டே உட்கார வேண்டும். கன்செப்டா சொன்னதாகச் சேதி வந்தது: "உங்க கடையில நல்ல பாட்டுக் கேக்கணும்னா கழிவறை வாசல்லதான் நிக்கணுமாமே." தாழ்ப்பாள் மட்டுமில்லை, கண்ணாடியும் வந்தது.

ஊர் சுகப்பட்டது. ஏன் சுகப்படுகிறது என்று யாருக்கும் தெரியாது. சேதிகளுக்குக் கண், காது, மூக்கு வைக்கிற வேலையை ஃபின்டன் பஸ் ஓட்டும்போதே செய்து முடிப்பான். சில வசைகள் அத்தனை அழகாக அமைந்துவிடும். இதை நான்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போகிறதே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருக்கும்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டு அவன் மனதைவிட்டுப் போகவில்லை. கன்செப்டா அதைப் பாடி இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று அவனுக்கு நெடுநாளாக ஆசை. பாட்டின்மேல் ஆசையா, பாடுகிறவள்மேல் ஆசையா என்று யாராவது கேட்டால் ஃபின்டன் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

அக்டோபரில் பந்தாட்ட மன்றத்துக்கு நிதி சேர்க்க லாவின் பப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டுக் கச்சேரி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்கு மூன்று வாரம் முந்தின சனிக்கிழமை ஃபின்டன் கன்செப்டாவின் முன்னால் போய் உட்கார்ந்தான். நுரை அடங்குவதற்குள்ளேயே பேச்சைத் தொடங்கிவிட்டான். அதிலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

"கச்சேரியில அட்ராக்டா அந்த மில்காரன் பொண்ணு பாட்டைப் பாடறாளாம்."

கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த கன்செப்டாவின் கை நின்றது. "அவளா சொன்னா?"

"அவதான். 'அக்காவுக்குத் தொண்டை போயிடுச்சு, பாட்டு அனாதையா கெடக்கு, நான் எடுத்து வளக்கறேன்'னு சொன்னா. எனக்கே பொறுக்கல. நீயே வந்து பாடிட்டா அவ மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவா?"

கன்செப்டா துணியை மடித்து வைத்தாள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றான் ஃபின்டன்.

"கவுண்டரைப் பாத்துக்க. பீர்க் குழாயைத் தொடாத."

அவள் வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, லாவின் பப்பின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதை ஃபின்டன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். தெருவில் நின்றிருந்தவர்களும் பார்த்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் நடக்காத ஒன்று நடக்கிறது. நடத்தி வைத்தவன் கவுண்டருக்குப் பின்னால் குழாயைத் தொடாமல் நிற்கிறான். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து கன்செப்டா திரும்பி வந்தாள். முகத்தில் சலனமில்லை.

"என்ன சொன்னா?" என்றான் ஃபின்டன்.

"என்ன சொல்லுவா. அப்பா நாற்காலி நாலையும் அவகிட்ட கொடுத்துடணுமாம். கொடுத்துட்டா பாட்டைத் தொடமாட்டாளாம். நீதான் நடுவுல இருக்கற ஆளு. நீயே தூக்கிட்டுப் போயிடு."

தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் ஃபின்டன் யோசிக்கவேயில்லை. கனத்த ஓக் நாற்காலிகள். ஒவ்வொன்றாகத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு தெருவைக் கடந்தான். நான்காவதை இறக்கியபோது அட்ராக்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுங்களா? இதுங்க எங்க அப்பா நாற்காலியே இல்ல. என்னை என்ன கேனைன்னு நெனச்சாளா அவ? எடுத்துட்டுப் போ."

"நாலையுமா?"

"மூணை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

திரும்பவும் நான்கு நடை. அடுத்த நாள் பூசைக்குப் பின், கன்செப்டா யோசித்துப் பார்த்ததில் இவை அப்பா நாற்காலிகள்தான் என்று சத்தியம் செய்தாள். மறுபடி போயின. அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தன. மழை வேறு. இரண்டு பப்பிலும் ஜன்னல் ஓரத்து இடங்களுக்குத் தள்ளுமுள்ளு நடப்பதை ஃபின்டன் கவனித்தான். குளிருக்கு ஒதுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு மீன் வந்தது. பெர்ன் பப்பின் சுவரில், அவர்கள் அப்பன் என்றோ ஏரியில் பிடித்த ஒரு ராட்சத மீன், பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கும். அது தனக்கு வேண்டும் என்று அட்ராக்டா கேட்பதாகக் கன்செப்டா சொன்னாள். சவப்பெட்டி நீளம். ஃபின்டன் அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து, பின்பக்கமாகச் சாய்ந்து, சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தான். லாவின் பப் வாசலில் நின்றிருந்த ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஆடு வளர்க்கிற பேக்கி நூன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"யாரு போயிட்டா ஃபின்டன்?"

"வழி விடு பேக்கி. கை கழண்டுடும்."

உள்ளே அட்ராக்டா மீனை ஏற இறங்கப் பார்த்தாள். அது தன்னை முறைப்பதாகச் சொன்னாள். எடுத்துப் போகச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பேக்கி நூன் நடுத்தெருவில் மறித்தான். எடை என்ன, எந்த ஏரி, எந்தத் தூண்டில் என்று விசாரித்தான். கடைசியில் ஒரு ஜெபம் சொல்லாமல் அனுப்ப முடியாது என்று தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு தொடங்கியும்விட்டான். ஃபின்டன் பெட்டியை இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் முழு ஜெபத்தையும் நின்று கேட்டான். அந்த நேரத்தில் தன் முதுகுக்குப் பின்னால் யாரோ தெருவைக் கடந்ததை அவன் பார்க்கவில்லை.

பெர்ன் பப்பில் கவுண்டருக்குப் பின்னால் யாரும் இல்லை. சமையலறையிலிருந்து சிரிப்பு வந்தது. ஃபின்டன் மீனோடு எட்டிப் பார்த்தான். மேஜையில் பாதி தின்ற ஆப்பிள் பணியாரம் இருந்தது. கன்செப்டா ஒரு தட்டுமுட்டுப் பெட்டியை மார்போடு அணைத்து, பின்னால் சாய்ந்து, சின்ன அடி வைத்து நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தவள் அட்ராக்டா.

"மெதுவா அக்கா, மீனு விழுந்துடப் போகுது" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் வாசலில் நிஜ மீனைப் பார்த்தாள்.

ஃபின்டன் பெட்டியை மெதுவாகத் தரையில் இறக்கினான்.

"எப்போலேருந்து?" என்றான் ஃபின்டன்.

"நான் அங்க போன அன்னிலேருந்துதான்" என்றாள் கன்செப்டா. "பாட்டைத் தொட்டா நாக்கை அறுப்பேன்னு சொல்லத்தான் போனேன். இவ என்னடான்னா எந்தப் பாட்டுன்னு கேக்கறா."

அட்ராக்டா விரலை நீட்டினாள். "என் சூப் கிளாஸ் கழுவுன தண்ணியா?"

"அது..."

"என் பெஞ்சுல பாவம் தீருதா?" என்றாள் கன்செப்டா.

"மெத்தை நல்லாத்தானே இருக்கு" என்றான் ஃபின்டன், தாழ்ந்த குரலில். "நீங்க பேசிக்கிட்டீங்கல்ல. அதுக்கு எனக்கு ஒரு நன்றி இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் நாற்காலி, மீனோட விட்டோம்" என்றாள் அட்ராக்டா. "மொதல்ல பியானோன்னுதான் பேச்சு."

தீர்ப்பை அக்கா சொன்னாள். கச்சேரி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை ஃபின்டன் இரண்டு பப்பிலும் காலை வைக்கக் கூடாது. அன்று கன்செப்டா பாடப்போகிறாள் என்பதையும் அவளே சொன்னாள், தட்டில் பணியாரத்தை வெட்டிக்கொண்டே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே லாவின் பப்புக்குள் புகுந்துகொண்டது. ஃபின்டன் தீர்ப்பை மீறவில்லை: உள்ளே கால் வைக்கவில்லை. கட்டிடத்தின் பக்கவாட்டில், கூரை விளிம்பின் கீழே, ஒரு பீர்ப் பீப்பாய்மேல் ஏறி நின்று, காதை ஜன்னலோடு ஒட்டி வைத்துக்கொண்டான். மழை தோளில் சொட்டியது. யார் யாரோ பாடினார்கள். பேக்கி நூன் பாடியபோது குளிர் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. பிறகு உள்ளே சத்தம் அடங்கிற்று.

கன்செப்டாவின் குரல் முன்பைவிடச் சற்றுத் தடித்திருந்தது. மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் கரகரத்தது. மில்காரன் மகள் ஆற்றங்கரைக்கு வந்து செருப்பைக் கழற்றி வைக்கிற இடத்தில் ஃபின்டன் தொப்பியைக் கழற்றினான். மழை நேராகத் தலையில் விழுந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. கடைசிச் சரணத்தில் இன்னொரு குரல் மெல்லச் சேர்ந்துகொண்டது. யாரும் அதைத் தடுக்கவில்லை.

கைதட்டல் ஓயுமுன் அந்த ஜன்னல் திறந்தது. டாமி லாவினின் கை நீண்டது. கையில் ஒரு கறுப்பு பீர். டாமி ஒரு வருஷத்தில் பேசுகிற பேச்சை ஒரு தபால்தலையில் எழுதிவிடலாம். ஃபின்டன் வாங்கிக்கொண்டான்.

"நல்லாப் பாடுனாங்கல்ல டாமி?"

டாமி உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டினான்.

"நல்லாத்தான் பாடுனாங்க" என்றான். "பத்து வருஷமா எனக்கு ஒரு பொண்டாட்டிதான் பேசிக்கிட்டிருந்தா. நாளையிலேருந்து அவ அக்காவும் சேந்து ரெண்டு பேரு. உன்னை யாருடா இதையெல்லாம் செய்யச் சொன்னது?"

ஜன்னல் மூடிக்கொண்டது. ஃபின்டன் பீப்பாயிலிருந்து இறங்கி, அதன்மேலேயே உட்கார்ந்து, மழைத்தண்ணீர் கலப்பதற்குள் பீரைக் குடித்து முடித்தான்.