சிவப்புப் பொத்தான்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். மீட்டிங்கில் யாராவது சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் யூசர் ஃபிரெண்ட்லியா பண்ணிக் குடுங்க லா" என்று சொன்னால் போதும், அன்றைக்கு முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசத் தோன்றாது. குழம்பில் உப்புக் குறைகிறது, ஒரு சிட்டிகை போடு என்பதுபோலச் சொல்வார்கள். பாயான் லெப்பாஸில் ஒரு சின்ன கம்பெனியில் பல வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. தொழிற்சாலை மெஷின்களுக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை இருக்கும். அதில் எந்தப் பொத்தான் எங்கே வரவேண்டும், என்ன நிறம், எவ்வளவு பெரிது, தொட்டால் என்ன நடக்கவேண்டும் என்பதை முடிவு செய்பவள் நான். அவசர உதவிக்கான பொத்தான் என்றால் சிவப்பு, எல்லாவற்றிலும் பெரிது, தேடாமலே கண்ணில் படவேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதை நான் பாடமாகவே நடத்துவேன்.

அம்மாவும் அதே பாயான் லெப்பாஸில்தான், வேறொரு தொழிற்சாலையில், ஒப்பரேட்டராக இருந்தார். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவர், ஓய்வு பெறும்வரை வேறு வேலைக்குப் போகவில்லை. நான் திரையில் பொத்தான் வரைந்து சம்பளம் வாங்குவது அவருக்குப் பெரிய வேடிக்கை. "நான் பட்டன அமுக்கி அமுக்கி உன்னப் படிக்க வச்சேன். நீ அத வரைஞ்சிட்டு என்னவிடக் கூட வாங்குற. நல்லாருக்கு லா ஒலகம்," என்பார். அந்தக் கிண்டல் பேச்சைக் கேட்டு எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது அதில் ஒரு வரி கேட்கக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

போன வருஷம் ஒரு காலையில், ஆயர் ஈத்தாம் பாசாரிலிருந்து வாங்கி வந்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது. இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தோம், எழுத்து எழுத்தாக வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அப்பாவிடமும் என்னிடமும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "வேற எங்கயாவது வலி வந்தா இவங்களால சொல்ல முடியாது. நீங்கதான் கண்டுபிடிக்கணும். சந்தேகமா இருந்தா உடனே கூட்டிட்டு வந்துருங்க."

எங்களுக்கு அதுதான் பயம். ஏனென்றால் பேச்சு இருந்த காலத்திலேயே அம்மா வலி என்று வாயைத் திறந்ததில்லை. கால் வீங்கிப்போய் ஷிஃப்ட் முடிந்து வருவார். என்னம்மா என்றால், "ஒண்ணும் இல்ல லா, நின்னுட்டே இருந்தேன்ல," அவ்வளவுதான். இப்போதும் நேருக்கு நேர் "வலிக்குதாம்மா" என்று கேட்டால் இல்லை என்றுதான் தலையாட்டுவார். நாங்கள் கேட்காமல் அவராகவே சொல்ல ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் அந்த ஆப் எழுத உட்கார்ந்தேன்.

வாழ்க்கையில் எந்தக் கஸ்டமருக்கும் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. பழைய டேப்லட் ஒன்றைத் துடைத்து எடுத்தேன். இடது கை பெருவிரல் எட்டும் இடத்திலேயே எல்லாம் வருமாறு அமைத்தேன். பொதுவான படங்கள் வேண்டாம் என்று அம்மாவின் சொந்த நீல மக், எங்கள் வீட்டு ஃபேன், எங்கள் வீட்டு பாத்ரூம் கதவு ஆகியவற்றைப் படம் பிடித்துப் போட்டேன். தொட்டால் என் குரல் பேசும். "தண்ணி வேணும்." "பாத்ரூம் போகணும்." அப்பா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "உங்கம்மா கேக்கற மாதிரி இல்லியே. நீ என்னை அதட்டற மாதிரியில்ல இருக்கு," என்றார். அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, சிவப்பில், வலிக்கான பொத்தான். தொட்டால் மணி அடிக்கும், "வலிக்குது" என்று என் குரல் சொல்லும், அப்பாவின் போனும் என் போனும் சேர்ந்து அலறும். அம்மாவுக்குக் காட்டுவதற்காக ஒரு முறை நானே தொட்டேன். மணி அடித்ததும் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். சத்தம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக் குறைத்துவைத்தேன்.

அம்மா ஆப்பை நன்றாகவே பழகிக்கொண்டார். கைகால் பயிற்சி கொடுக்க வரும் பெண்கூட மெச்சினாள். ஆனால் அழுத்துவதெல்லாம் தண்ணீர்தான். காலையில் தண்ணீர், மத்தியானம் தண்ணீர், கொடுத்த மக்கைக் கீழே வைப்பதற்குள் மறுபடி தண்ணீர். அப்பா பழைய பஸ் டிரைவர், பொறுமைசாலி. அவரே ஒரு நாள், "இப்பதானே குடிச்சே, அதுக்குள்ள என்ன," என்று அலுத்துக்கொண்டார். ஒரு வாய்தான் குடிப்பார். குடித்துவிட்டு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், விட மாட்டார். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. "இத்தன வருஷத்துல இப்பதான் உங்கம்மாவுக்கு எம்மேல ஆச வந்துருக்கு," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள் நானே பக்கத்திலிருந்து பார்த்தேன். அம்மாவின் விரல் சிவப்பின் மேல் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எடுக்காமலே திரையோடு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைத் தொட்டது. தொடுதிரைகளில் ஒரு வழக்கம் உண்டு. விரல் படுவதைக் கணக்கில் எடுப்பதில்லை, விரலை எந்தப் பொத்தானில் எடுக்கிறோமோ அதுதான் அழுத்தியதாகக் கணக்கு. தெரியாமல் தொட்டவர் விலகிக்கொள்ள அது ஒரு வசதி. பாவம், கை நடுங்கி இடம் மாறிப்போகிறது என்று எண்ணி, அன்றே தண்ணீர்ப் பொத்தானை இன்னும் பெரிதாக்கினேன். கெட்டிக்காரி என்று என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

சிவப்புப் பொத்தான் சத்தமில்லாமல் கிடந்தது. மணி அடிக்கவில்லை என்றால் வலி இல்லை என்றுதானே அர்த்தம். நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

அந்தச் சமயம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் புதுத் திரைகள் போட்டுக்கொடுத்திருந்தோம். அதன் மேனேஜர் போன் செய்தார். உதவிப் பொத்தானை யாருமே தொடுவதில்லையாம், மெஷின் மக்கர் செய்தாலும் தொடுவதில்லையாம், பழுதான பொருள் அப்படியே அடுத்த மேசைக்குப் போகிறதாம். "உங்க பட்டன் யூசர் ஃபிரெண்ட்லியா இல்ல," என்றார். எனக்கு வந்த கோபத்தில் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தைக் கடந்ததுகூட நினைவில்லை. இவ்வளவு பெரிய சிவப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய என்று கேட்டுவிடுவது என்றுதான் போனேன்.

தொப்பியும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு ஒரு தமிழ் அக்காவின் பின்னால் போய் நின்றேன். வயது என் அம்மாவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் மெஷினில் ஏதோ சிக்கிக்கொண்டது. தானே தட்டிப் பார்த்தார், சரியாகவில்லை. கை திரைக்குப் போனது. சிவப்புக்கு நேரே போய் நின்றது. பிறகு விலகி, கீழே இருந்த நீலப் பொத்தானை அழுத்தியது. நீலம் என்றால் பொருள் தீர்ந்துவிட்டது, கொண்டுவா என்று அர்த்தம். அவர் மேசையில் பொருள் நிறையவே இருந்தது.

"ஏன்க்கா நீலத்த அமுக்குறீங்க? செவப்புதானே டெக்னீஷியன கூப்பிடறது?" என்று கேட்டேன்.

அவர் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "செவப்ப அமுக்குனா மேல லைட்டு எரியும். லைன் நிக்கும். எல்லாரும் திரும்பி நம்மளதான் பாப்பாங்க. சாயந்தரம் மீட்டிங்ல யாரு நிறுத்துனதுன்னு கேப்பாங்க. நீலத்த அமுக்குனா ஜாமான் கொண்டார ஆளு வருவாரு. அவர்கிட்ட மெதுவா சொல்லிவிட்டா டெக்னீஷியன் வந்துருவாரு. யாருக்கும் தெரியாது."

"எப்பவும் இப்படித்தானா?"

"நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து இப்படித்தான் லா. அப்ப சுவிட்ச்சு, இப்ப ஸ்கிரீன். செவப்பு செவப்புதானே."

சிவப்பின் மேல் போய் உட்கார்ந்து, திரையோடு நகர்ந்து, தண்ணீரில் போய் நின்ற விரல் கண் முன்னால் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்குத் தாகமே இல்லை. சத்தம் போடாமல் ஒரு ஆளைப் பக்கத்தில் வரவழைக்கத் தெரிந்த ஒரே வழி அது. வேலைக்காலம் முழுக்கச் சிவப்பைத் தொடாமல் இருக்கப் பழகிய ஒருத்திக்கு, அவள் வலியைக் கொண்டுபோய்ச் சிவப்புக்குள் வைத்துக் கொடுத்திருந்தேன். அம்மா மெஷின் முன்னால் நின்றதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மேனேஜரைப் பார்க்காமலே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அப்பா மக்கோடு நின்றார். "பாரு, மறுபடி தண்ணி," என்றார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து டேப்லட்டையும் என் லேப்டாப்பையும் இணைத்தேன். சிவப்பை எடுத்தேன். மணியை எடுத்தேன். போனுக்கு வரும் அலறலை எடுத்தேன். தண்ணீரின் அதே நீலத்தில், அதே அளவில் ஒரு பொத்தான் வைத்தேன். "வலிக்குது" என்பதை அழித்துவிட்டு, "இங்க கொஞ்சம் வாங்க" என்று தாழ்ந்த குரலில் பதிவு செய்தேன். அதைத் தொட்டால் ஒரு உடம்பின் படம் வரும், இடத்தைத் தொட்டுக் காட்டலாம். அம்மா நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவப்ப எடுத்துட்டேன்மா. இது யாருக்கும் கேக்காது. நானும் அப்பாவும் மட்டும்தான்," என்று சொல்லி டேப்லட்டை அவர் மடியில் வைத்தேன்.

அம்மா வாசல் கதவை ஒரு முறை பார்த்தார். பிறகு அந்தப் புது நீலத்தைத் தொட்டார். படம் வந்தது. விரலைக் கொண்டுபோய் வயிற்றின் வலது பக்கத்தில் வைத்தார். திரை ஒன்றும் சொல்லவில்லை. விரலை எடுத்தால்தான் கணக்கு, நான் அப்படித்தானே எழுதியிருந்தேன். அம்மா எடுக்கவில்லை. நகம் வெளுக்க அழுத்திக்கொண்டே இருந்தார். அப்பா மக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதார்.

ஈரலில் கட்டி. பரவிவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலியைக் குறைக்கும் மருந்து மட்டும்தான் இனி என்றார்கள். அம்மா அந்த வார்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை.

அம்மா வார்டில் இருந்த நாட்களில் சிம்பாங் அம்பாட் மேனேஜருக்கு எழுதினேன். பொத்தானை மாற்றிப் பயனில்லை, மேலே எரியும் விளக்கையும் யார் நிறுத்தியது என்று கேட்கும் அந்த மீட்டிங்கையும் எடுங்கள், பிறகு பாருங்கள் என்று. பொத்தானை ஆரஞ்சு நிறத்தில் போட்டால் சரியாகுமா என்று பதில் வந்தது. போட்டுக் கொடுத்தேன். சண்டை போட என்னிடம் தெம்பில்லை.

வார்டில் கட்டில் கம்பியில் ஒரு வயர் தொங்கியது, அதன் நுனியில் நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிடும் பொத்தான். சிவப்புத்தான், வேறென்ன. மிஸ்ஸி அதை அம்மாவின் இடது கையில் வைத்து, "வலிச்சா இத அமுக்குங்க மா, மருந்து குடுக்கறேன்," என்று அன்பாகத்தான் சொன்னார். அவர் நகர்ந்ததும் அம்மா அதைக் கையிலிருந்து மெல்ல நழுவவிட்டார். அதனால் நானும் அப்பாவும் மாறி மாறிப் பக்கத்திலேயே இருந்தோம்.

ஒரு மத்தியானம் மருந்தின் வேகம் குறைந்துகொண்டு வந்தது. அம்மாவின் நெற்றி வேர்த்தது. இடது கை கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அம்மா அதைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் எடுத்து அழுத்தினேன். எங்கோ மணி அடித்தது, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது, நடையில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார், வீட்டில் அந்த முதல் நாள் மூடிக்கொண்டாரே, அதேபோல.

குனிந்து காதோரம் சொன்னேன். "நான்தான்மா அமுக்குனேன். யாரு நிறுத்துனதுன்னு கேட்டா என் பேரச் சொல்றேன்."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கட்டில் விளிம்பிலிருந்த கை மட்டும் அதை விட்டுவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.