எங்கள் ஆலயத்தில் பனிக்காலம் முடிந்த ஞாயிறு

பினாங்கில் பனிக்காலம் கிடையாது. ஆனாலும் டத்தோ கிராமாட்டில் உள்ள எங்கள் தமிழ் ஆலயத்தில் ஒரு வருடம், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பனிக்காலம் தொடங்கி எட்டு வாரம் நீடித்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த இரண்டு பெரிய ஏர்கோன்கள் பதினாறு டிகிரியில் மாட்டிக்கொண்டன. ரிமோட் வேலை செய்யவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தால் மைக்கும் விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். கமிட்டி கூடிப் பேசி, குளிரைத் தேர்ந்தெடுத்தது.

வெளியே சட்டை முதுகில் ஒட்டுகிற வெயில். உள்ளே பெரியவர்கள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருப்போம். மகன் கனடாவிலிருந்து அனுப்பிய ஜாக்கெட்டைப் பத்து வருடமாகப் பெட்டியில் வைத்திருந்த ஒரு பெரியவர், அதை மாட்டிக்கொண்டு கம்பீரமாக வருவார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லார் கண்ணாடியிலும் ஆவி படிந்துவிடும். கண் தெரியாமல் யார் யாருக்கோ ஸ்தோத்திரம் சொல்லிக் கைகுலுக்குவோம். ஒருமுறை நான் நலம் விசாரித்துக்கொண்டிருந்தது வாசல் தூணிடம்.

யாரும் முறையிடவில்லை. வயதானவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் வசதியான நம்பிக்கை. எங்களுக்கும்தான்.

மூத்தோர் ஞாயிறு வந்தது. பாஸ்டருக்குக் காய்ச்சல். முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, நாளைக்கு நீங்க பேசுறீங்களா? பத்து நிமிஷம் போதும்" என்றார். எனக்கு எழுபத்தொரு வயது. பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, வாய் திறக்காமல் வேலை பார்த்தவள். 'முதுமையில் பொறுமை' என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன்.

பிரசங்க பீடத்திலிருந்து பார்த்தால், எதிரே முப்பது பேர் மரியாதையாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் அக்காவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்த உதட்டோடு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கிருந்தோ எனக்குக் கோபம் வந்தது. தாள்களை மடித்து வைத்தேன்.

"நம்மள இன்னும் சவப்பெட்டியில வைக்கல! அதுக்குள்ள ஏன் ஐஸ்ல வச்சிருக்காங்க? ஆண்டவர் நம்மகிட்ட பொறுமையத்தான் கேட்டாரு, நிமோனியாவக் கேக்கல. வயசானா வாய மூடிக்கணும்னு யாரு சொன்னா? இந்தக் குளிர் இன்னைக்கே போகணும்!" என்று பீடத்தை ஓங்கி அடித்தேன்.

ஏர்கோன்கள் நின்றன. மைக்கும் விளக்கும் கூட.

பின்வரிசையில் யாரோ அதிர்ந்துபோய், "அலமாக்!" என்றார்கள். அதன்பின் முப்பது தொண்டைகள் சேர்ந்து அல்லேலூயா முழங்கின. மீதிப் பிரசங்கத்தைக் கத்தியே முடித்தேன்.

கமிட்டிச் செயலாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னார்: "ட்ரிப் ஆயிருச்சு அக்கா. ஏர்கோன் வயர் கருகிப் போச்சு. இனிமே ஓடாது லா."

அன்று மாலையே போன் வரத் தொடங்கியது. ஒருவருக்கு ஐஸ்பெட்டி குளிரவில்லை, இன்னொருவருக்குக் காடி ஸ்டார்ட் ஆகவில்லை. பாலிக் புலாவிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். "வாஷிங் மெஷின் சுத்தவே மாட்டேங்குது. ஒரு தடவ வந்து அதட்டிட்டுப் போங்களேன்."

"அது வயர் கருகினது, அக்கா."

"தெரியும் லா. நீங்க அடிச்ச நேரம் பார்த்து ஏன் கருகுச்சு?"

மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன். மெஷின் முன்னால் நின்று ஜெபித்தேன். அது அசையவில்லை. "இன்னைக்கு உங்களுக்குக் கோவம் வரல, அதான்" என்று சமாதானம் சொல்லி எனக்குக் கோப்பி கலக்கினார். ஊறிக்கிடந்த போர்வைகளை ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிந்தோம். அவர் தனியாக இருப்பவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, அது வெறும் வயர் கோளாறு என்று எல்லோருக்கும் அறிவித்தேன். "எவ்வளவு தாழ்மை பாருங்க" என்று இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜாக்கெட் பெரியவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னும் நாலு வாரம் போட்டிருப்பேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைப்பட்டாராம்.

குணமாகி வந்த பாஸ்டர் என்னை மாதம் ஒருமுறை பிரசங்கிக்கச் சொன்னார். என் மகன் வயதுதான் அவருக்கு. மேடையில் எதையும் மென்று விழுங்கித்தான் பேசுவார்.

"அந்தத் தைரியம் எப்படி ஆன்ட்டி வருது?" என்று கேட்டார்.

"முட்டி வலி, பாஸ்டர். ரொம்ப நேரம் நிக்க முடியாது. அதனால சொல்ல வேண்டியத மொதல்லயே சொல்லிர்றேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்காமல், பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.