நாற்பத்தொன்றாம் எண் ஸ்டிக்கர்

“‘லுக்’குக்கும் ‘சீ’க்கும் என்னடி வித்தியாசம்?”

அக்கா கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே பார்ப்பதுதானே என்றேன்.

“பன்னெண்டு வருஷம் பெஞ்சத் தேய்ச்சதுதான் மிச்சம்” என்று கையிலிருந்த ஆங்கிலத் தாளை என் மடியில் எறிந்தாள்.

அக்கா சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஒன்பது வருடமாக டியூப்லைட்டுக்குக் கீழே நின்றபடியே வேலை. சட்டைக் கையைப் புரட்டி, தையலை இழுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் இடது கைப்பட்டியின் உட்புறம் நாற்பத்தொன்று என்ற தன் எண் ஸ்டிக்கரை ஒட்டுவாள். நான் துவைத்த துணியையும் அப்படித்தான் புரட்டுவாள். ஒருநாளும் நல்ல வார்த்தை வராது.

அக்குள் தையல் பிரிந்த அறுபது சட்டைகள் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்திருந்தன. எல்லாவற்றிலும் அவள் எண். சூப்பர்வைசரே அவள் எழுதுவதுபோல் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் டைப் அடித்துக் கொடுத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் பழி அவளுடையது. போடாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம்.

அகராதியைப் புரட்டினேன். ‘லுக்’ என்பது நாமாகக் கண்ணைத் திருப்பிப் பார்ப்பது. எதைப் பார்த்தோம் என்று சொல்ல அதன் பின்னால் ‘அட்’ வரவேண்டும். ‘சீ’ என்பது கண்ணில் படுவது. அதற்கு ‘அட்’ வேண்டாம். ‘லுக்கிங்’ என்று சொல்லலாம்; இந்தப் பொருளில் ‘சீயிங்’ என்று பொதுவாகச் சொல்வதில்லை.

“சட்டைங்கள ஒவ்வொண்ணா பாத்தேன், பிரிஞ்சது கண்ணுல படலன்னு எழுதியிருக்குக்கா.”

“கண்ணு அவிஞ்சவன்னு என் வாயாலயே சொல்ல வைக்கிறானா?”

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“யாரும்மா இது, வக்கீலா?” என்றார் சூப்பர்வைசர்.

“தங்கச்சி. அந்தச் சட்டைங்கள எடுங்க.”

பெட்டியைத் திறந்தார். எல்லா ஸ்டிக்கரும் காலரில் இருந்தன.

“நான் கைப்பட்டிக்குள்ளதான் ஒட்டுவேன். கையப் புரட்டாம அங்க ஒட்ட முடியாது. இது யார் ஒட்டுனது?”

“எங்க ஒட்டுனா என்ன? நம்பர் உன்னோடதுதானே?”

“லாரி நிக்குதுன்னு சாப்பாட்டு நேரத்துல என் ஸ்டிக்கர் ரோல வாங்கிட்டுப் போனது நீங்கதானே?”

பக்கத்துத் தையல் மெஷின்கள் நின்றன. “ஆமா, நானும் பாத்தேன்” என்றாள் ஒருத்தி. அவர் முகம் கறுத்தது.

அக்கா கடிதம் முழுவதையும் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘இந்தச் சட்டைகளை நான் பார்க்கவே இல்லை’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அத்தனை பேர் பார்த்திருக்க அவரால் அவளை வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. இப்போது செக்கிங்கில் ஒவ்வொருத்தியும் தன் ரோலைப் பூட்டி வைக்கிறாள்.

புரியாத தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி யாரையாவது மிரட்டுவது தெரிந்தால், என் அக்காவின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.