ஜாடியில் சீனி

நான் புனேயில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். மேலதிகாரியின் மனைவி வீடு மாறியபோது, சாமான் ஏற்றும் ஆட்களை நம்பாமல், ஒரு ஜாடியை என்னிடம் கொடுத்துவைத்தார். தேநீர்ச் சடங்கில் தேயிலைத்தூள் வைக்கும் பழைய மண்ஜாடி. உள்ளங்கையில் அடங்கும், தந்தத்தாலான மூடி, பட்டுப் பை. ஐந்தாறு தலைமுறையாக அவர்கள் வீட்டில் இருப்பது. அவருடைய அம்மா சாவதற்கு முன் கடைசியாகச் சலித்துப் போட்ட தூள் உள்ளே கொஞ்சம் இருக்கிறது, திறக்க வேண்டாம் என்றார்.

அந்தப் பத்து நாளும் எனக்குத் தூக்கம் கெட்டது. நாங்கள் இருக்கும் கோர்படியில் ரயில் போனாலே வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிரும். ஜாடியைப் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். பூனை இல்லாத வீட்டில் பூனைக்குப் பயந்தேன். திறக்கக் கூடாது என்று, கூடவே இருக்கும் என் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கத் தோன்றவில்லை.

திருப்பிக் கொடுக்க வேண்டிய அன்று காலை, பையை எடுத்தால் கனத்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே சீனி.

"வெறும் ஏனத்த யாராவது திருப்பிக் குடுப்பாவளா? உள்ள என்னமோ பழம்பொடி கெடந்துச்சு. கழுவித் தொடச்சு சீனி போட்டு வச்சேன்," என்றாள் அம்மா.

உண்மையைச் சொல்லலாம் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை, அவ்வளவு பயம். சீனியைக் கொட்டித் துடைத்தேன். கேம்ப் கடைத்தெருவில் மாச்சா என்கிற அந்தப் பச்சைத் தேயிலைத்தூள் பாக்கெட் வாங்கி, ஆட்டோவிலேயே நிரப்பினேன். மடியெல்லாம் பச்சைப் பொடி. ஆட்டோக்காரர் கண்ணாடி வழியே என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

புது வீட்டில் மேலதிகாரியின் மனைவி மண்டியிட்டு அமர்ந்து, ஜாடியை இரண்டு கையாலும் வாங்கித் திறந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வருஷக்கணக்கில் கிடந்த தூள் பழுப்பேறியிருக்கும் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. உள்ளே இருந்ததோ பளிச்சென்ற பச்சை.

"இது அம்மாவுடையது இல்லை," என்றார், ஜப்பானிய மொழியில், மெதுவாக.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. மூடியைப் பொருத்திவிட்டு, உங்கள் அம்மா உங்களுடன்தான் இருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அவரைத் திட்டிவிடாதீர்கள்."

தலையசைத்தேன். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ ஏன் இன்னும் எங்கூட இருந்து உசிர வாங்குத?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.