வலன்ரைனின் கை முறிந்த வாரம்

செவ்வாய்க்கிழமை காலை, பாரிசின் புறநகரான ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில், பெட்டி அடுக்கிய இரும்பு வண்டி சரிந்து வலன்ரைனின் வலது மணிக்கட்டை முறித்துவிட்டது. மத்தியானத்துக்குள் முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு, ஒரு மாதத்துக்கு மேல் வேலைப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மனைவி பிரியதர்சினிக்கு முதலில் அழுகைதான் வந்தது. திரும்பி வரும்போது, மெற்றோவில் அவருடைய பையையும் மாத்திரைகளையும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில், இன்னொரு நினைப்பு வந்தது. இன்றிரவு யார் சமைப்பது?

இந்த நேரத்தில் இப்படியா யோசிப்பது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அந்த நினைப்பு அவளை விடவில்லை.

அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு வலன்ரைனின் பொறுப்பு. விடியுமுன் வேலைக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவர் அவர். கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, லா சப்பலிலுள்ள தமிழ்க் கடைகளுக்குப் போய்க் கத்தரிக்காயோ கீரையோ கண்ணில் பட்டதை வாங்கிவந்து அடுப்பை மூட்டுவார். முன்பு பல வருடம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் இருந்தவர். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் அடுப்படி வரைக்கும் போனார். முழங்கால் வலி வந்த பிறகுதான் கிடங்கு வேலைக்கு மாறினார். வீட்டில் அந்த உணவகச் சமையல் எதையும் அவர் செய்ததில்லை. சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, வெள்ளிக்கிழமையில் மீன். அவ்வளவுதான். ஆனால் ஏழு மணிக்கு மேசையில் இருக்கும்.

பிரியதர்சினி யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவள். சின்ன வயதில் பாதி நாட்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, யார் யாரோ கிண்டிய பெரிய கிடாரங்களிலிருந்து வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவள். கல்யாணம் முடித்துப் பாரிசுக்கு வந்து ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தாள். மாலை வகுப்புகளுக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தாள். இப்போது ரூ லூயி-பிளாங்க் தெருவில் றொஜர் என்பவருடைய பயண முகவர் கடையில் இருக்கிறாள். விமானக் கொம்பனிக்காரரோடு குரல் உயர்த்தாமல் பிரெஞ்சில் கதைத்துக் காரியத்தை முடிப்பாள் என்று சனங்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். சமையல் தெரியாதவள் அல்ல. அடுப்புக்கு முன்னால் நின்றால் வேறெங்கோ போகவேண்டியதுபோல் கால் பரபரக்கும், அதுதான் அவளுக்குப் பிரச்சினை.

கை முறிந்ததுதான் முறிந்தது, வேறொரு மாதத்தில் முறிந்திருக்கலாம். யூன் கடைசி. பள்ளிக்கூடங்கள் மூடப்போகின்றன. லா சப்பலில் பாதிச் சனம் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட நிற்கிறது. கடையில் இரண்டு தொலைபேசிகளும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. அவள் வீடு திரும்ப எட்டு மணி தாண்டிவிடும்.

செவ்வாய் இரவு கடையில் கொத்துரொட்டி வாங்கிச் சமாளித்தாள். புதன் விடிகாலையில் எழுந்து பருப்பை அவித்து மூடி, அரிசியைக் கழுவித் தண்ணீரோடு மின்சாரச் சட்டியில் போட்டு, பதினைந்து வயது மகள் சாண்ட்ராவிடம் சொல்லிவிட்டுப் போனாள். “ஆறு மணிக்கு இந்தப் பொத்தானை அமத்தினால் காணும். மறந்திடாதை.”

சாண்ட்ரா மறந்துவிட்டாள். இரவு பிரியதர்சினி வந்தபோது அரிசி தண்ணீருக்குள் வெள்ளையாக ஊறிப்போய்க் கிடந்தது. வெண்ணெய் போட்ட மக்கரோனியை ஆளுக்கொரு நேரத்தில் தின்றிருந்தார்கள். எட்டு வயது லாரா தொலைக்காட்சிக்கு முன்னாலும், சாண்ட்ரா தன் அறையிலும். வலன்ரைன் ஒன்றும் சாப்பிடவில்லை. மாத்திரை மயக்கத்தில் கண்கள் சிவந்து, குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அவள் தோள்பையைக்கூட இறக்காமல் வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.

“அப்பிடி இல்லையப்பா, மெல்லிசா வெட்டும். இப்பிடி வெட்டினால் வதங்காது” என்றார் வலன்ரைன்.

“வதங்கிற மட்டும் வதங்கட்டும்.”

“எண்ணெய் கொதிக்க முன்னம் போடாதையும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் இடது கையை நீட்டிக் கத்தியை வாங்கப்போனார். “விடுங்கோ” என்று அவள் கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு அவர் போய்ப் படுத்துவிட்டார். முட்டையைப் பொரித்து அறைக்குக் கொண்டுபோனபோது, “பசிக்கேல்லை” என்றார். அவள் திரும்பி வந்து, அடுப்புக்கு முன்னால் நின்றபடியே அதைத் தானே தின்றாள்.

வியாழக்கிழமை பின்னேரம் கடையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை பயணம். பெயருக்குக் கடவுச்சீட்டில் ஒரு எழுத்து, பயணச்சீட்டில் வேறெழுத்து. பிரியதர்சினி தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு மறுமுனையில் ஓடிய இசையைக் கேட்டபடி காத்திருந்தாள். அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு லாரா உள்ளே வந்தாள். காலில் வீட்டுச் செருப்பு, கையில் ஒன்றுமில்லை. மெற்றோப் பாலத்துக்குக் கீழே, அத்தனை வாகனம் ஓடும் பெருந்தெருவைத் தனியே கடந்து வந்திருக்கிறாள்.

“எனக்குப் பசிக்குது” என்றாள் லாரா பிரெஞ்சில். “வீட்டில் சாப்பாடு இல்லை.”

கடை முழுவதும் கேட்டது. உட்கார்ந்திருந்த குடும்பத்து அம்மா உச்சுக்கொட்டி, “பாவம் பிள்ளை” என்றாள். பிரியதர்சினிக்குக் காதுமடல் சுட்டது. தொலைபேசியை வைக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. றொஜர்தான் எழுந்து பக்கத்துக் கடையில் ஒரு பை நிறைய மீன் ரோல்ஸ் வாங்கிவந்து பிள்ளையிடம் கொடுத்தார். லாரா மேசைக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, வாய் நிறையச் சாப்பிட்டபடி, நடந்ததைச் சொன்னாள். இன்று அக்காவே அரிசி போட்டுப் பொத்தானை அமத்தினாளாம், தண்ணீர் விடவில்லையாம். வீடெல்லாம் புகை. அப்பா கத்தினார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“மற்றது, அப்பா ஒண்டும் கேக்கிறேல்லை இப்ப” என்றாள் லாரா. இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

“என்னத்தைக் கேக்கிறேல்லை?”

“இண்டைக்கு என்ன கூடாதது நடந்தது எண்டு. மேசையில ஒவ்வொரு நாளும் கேப்பார். முதல் அக்கா சொல்லவேணும், பேந்து நான். பேந்து அப்பா சொல்லுவார். நீங்கள் வர முன்னம்.”

பிரியதர்சினிக்கு இது தெரியாது. இத்தனை வருடமாக அவள் வீட்டுக்குள் நுழையும்போது மேசை துடைத்திருக்கும், அவளுடைய சாப்பாட்டுக் கோப்பை மூடியிருக்கும். பிள்ளைகள் அவளோடு பிரெஞ்சில் கதைப்பார்கள், அவளும் களைப்பில் பிரெஞ்சிலேயே பதில் சொல்லிவிடுவாள். வலன்ரைனுக்குப் பிரெஞ்சு அரைகுறை. அவரோடு பிள்ளைகள் தமிழில் எதைக் கதைக்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அதற்குள் பயணச்சீட்டின் எழுத்து திருத்தியாகிவிட்டது. அவள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். யாரும் தூக்கவில்லை. சாண்ட்ராவின் கைத்தொலைபேசிக்கு எடுத்தாள். அந்தப் பக்கம் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். லாராவைக் காணவில்லையென்று அப்பா தன் கைத்தொலைபேசியைக்கூடக் கொண்டுபோகாமல் இறங்கி ஓடிவிட்டாராம்.

“லாரா என்னோடை நிக்கிறா. நீ வீட்டிலை இரு” என்று சொல்லிவிட்டு லாராவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வலன்ரைன் மெற்றோப் பாலத்துக்குக் கீழே நின்றார். வீட்டுச் சாரம், ஒரு பக்கம் மட்டும் கை போட்ட சேட்டு, கழுத்தில் தொங்கிய மாவுக்கட்டு. போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்து, இடது கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, இவ்வளவு உயரப் பிள்ளை, இவ்வளவு உயரம் என்று தமிழிலும் பிரெஞ்சிலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார். சிகரெட் விற்கிற பெடியங்கள் இரண்டு பேர் இல்லையென்று தலையாட்டினார்கள். மேலே ரயில் ஒன்று போனது. அந்தச் சத்தத்தில் அவர் கேட்டது யாருக்கும் விளங்கியிருக்காது.

லாராவைக் கண்டதும் அவர் ஓடிவரவில்லை. நடைபாதை ஓரத்து இரும்புக் கம்பியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சு பிரியதர்சினியின் வாயில் இருந்தது. பிள்ளையைப் பார்க்கத் தெரியாதா, படுத்தே கிடக்கிறீங்களே, நானும் மனிசிதானே. அதையெல்லாம் விட்டுவிட்டு, லாராவை அவருக்குப் பக்கத்தில் இருத்தினாள்.

“கண்ணயர்ந்திட்டன்” என்றார் அவர்.

“நீங்கள் சாப்பிட்டனீங்களே?”

“இல்லை.”

“நேற்றும் சாப்பிடேல்லை.”

“ஒரு கையாலை சாப்பிடப் பழகேல்லையப்பா. சிந்துது. பிள்ளையளுக்கு முன்னாலை…” அவர் முடிக்கவில்லை.

அன்றிரவு லாரா தின்று மிஞ்சிய ரோல்ஸ்தான் எல்லோருக்கும். சாண்ட்ரா கதவைத் திறந்து வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை பிரியதர்சினி கடைக்குப் போனதும் றொஜரின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“றொஜர் அண்ணை, இண்டையிலையிருந்து நான் ஆறு மணிக்கு முன்னம் வெளிக்கிடுவன்.”

“இந்த நேரத்திலையோ தங்கச்சி? சனம் நிக்கிற நிலை தெரியும்தானே.”

“தெரியும். காலமை வெள்ளென வந்து திறக்கிறன். கடைத் துறப்பைத் தாங்கோ.”

“ஏலாது எண்டால்?”

“அப்பவும் வெளிக்கிடுவன்.”

றொஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேற்று ரோல்ஸ் வாங்கப் போனதும் அவர்தானே. மேசை லாச்சியைத் திறந்து கடைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். “ஓகஸ்ட் முடியுமட்டும்தான்” என்றார்.

மீன் வாங்கிச் சமைக்க நினைத்திருந்தாள். ஆனால் அவள் போய்ச் சேர்ந்தபோது மீன்கடையில் ஐஸைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது தகர டப்பாவில் அடைத்த ரின்மீன் இரண்டு, பேக்கரிப் பாண், தக்காளி, பச்சை மிளகாய். படியேறி வந்ததும் சாண்ட்ராவின் கதவைத் தட்டினாள்.

“வந்து வெங்காயம் வெட்டு.”

“எனக்குத் தெரியாது.”

“எனக்கும்தான். வா.”

குசினி சின்னது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஆனாலும் வலன்ரைன் வாசலில் வந்து நின்றார். நெருப்பு கூடிவிட்டது என்றார். கறித்தூளை இப்போது போடாதே என்றார். சாண்ட்ரா வெட்டிய வெங்காயத்தைக் கண்டு பெருமூச்சு விட்டார். சாண்ட்ரா கத்தியை வைத்துவிட்டுப் போக எத்தனித்தாள். பிரியதர்சினி அகப்பையோடு திரும்பினாள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் குசினிக்குள்ளை வராதேங்கோ. நாங்கள் கருக்கினாலும் கருக்குவம், உப்பைக் கொட்டினாலும் கொட்டுவம். நீங்கள் மேசையிலை போய் இருங்கோ. மேசைதான் உங்கடை வேலை.”

அவருக்கு முகம் இருண்டது. போனார். சிறிது நேரத்தில் கோப்பைகள் மேசையில் உட்காரும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒன்று விழுந்தது. உடையவில்லை.

கறியில் உப்புக் கூடிவிட்டது. பாணைத் தொட்டுத் தின்றால் அவ்வளவாகத் தெரியாது என்று பிரியதர்சினி சொன்னாள். தெரிந்தது. வலன்ரைனின் பாணை அவள் சின்னத் துண்டுகளாகப் பிய்த்துவைத்தாள். அவர் இடது கையால் எடுத்தார். கறி சேட்டில் சிந்தியது. எல்லோரும் பார்க்காதமாதிரி இருந்தார்கள். பிரியதர்சினி தண்ணீர் எடுக்க எழுந்தாள், உட்கார்ந்தாள், தேசிக்காய் எடுக்க எழுந்தாள்.

லாராதான் கேட்டாள். “அப்பா, உங்களுக்கு இண்டைக்கு என்ன கூடாதது நடந்தது?”

அவர் மகளைப் பார்த்தார். பிறகு மாவுக்கட்டைப் பார்த்தார்.

“சேட்டுப் பொத்தான் பூட்ட ஏலேல்லை. அக்காவைக் கூப்பிட வெக்கமாய் இருந்தது. நேற்றுக் கத்திப்போட்டு இண்டைக்கு எப்பிடிக் கூப்பிடுறது.”

சாண்ட்ரா பாணைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிரெஞ்சில் தொடங்கி, அப்பாவுக்காகத் தமிழுக்கு மாறி, சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். நேற்றுப் பள்ளிக்கூடத்தில் வாய்மொழிப் பரீட்சை. ஆசிரியர்களுக்கு முன்னால் நின்றதும் படித்ததெல்லாம் போய்விட்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்த பிறகுதான் கொஞ்சம் சொன்னாள். அதை நினைத்துக்கொண்டேதான் அரிசிக்குத் தண்ணீர் விட மறந்தாள்.

பரீட்சை வருகிறதென்று பிரியதர்சினிக்குத் தெரியும். அது நேற்று என்று தெரியாது. யாருடைய பயணம் எந்தத் தேதி என்று கடை முழுவதற்கும் மனதில் வைத்திருந்தவள் அவள்.

“நீர் சொல்லும்” என்றார் வலன்ரைன் அவளிடம். “உமக்கு?”

அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நிறையச் சொல்லலாம்போல் இருந்தது. “கறிக்கு உப்புக் கூடிப்போச்சு” என்றாள். சாண்ட்ரா சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு, “மிச்சத்தை நாளைக்குச் சொல்லுறன்” என்றாள் பிரியதர்சினி.

அடுத்த வாரமும் ஓட்டம்தான். ஒரு நாள் சோறு குழைந்தது, ஒரு நாள் கடைச் சாப்பாடு, ஒரு நாள் பிரியதர்சினியும் வலன்ரைனும் பருப்புக்காகச் சண்டை பிடித்தார்கள். சாண்ட்ரா பரீட்சையில் சித்தியடைந்தாள், அந்த வாய்மொழிப் பாடத்தில் மட்டும் புள்ளி குறைவு. மாவுக்கட்டு வெட்டியபோது வலன்ரைனின் மணிக்கட்டு முன்போல் முழுதாகத் திரும்பவில்லை. கிடங்கில் பாரம் தூக்காத வேலை ஒன்று கொடுத்தார்கள். திரும்பவும் அவர்தான் சமைக்கிறார், ஆனால் பெரிய சட்டியை இறக்கச் சாண்ட்ரா வரவேண்டும். அவள் வெட்டும் வெங்காயத்தைப் பார்த்து அவர் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பார்க்கிறார்.

ஓகஸ்ட் முடிந்தும் பிரியதர்சினி துறப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை, றொஜரும் கேட்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அவளுடைய சமையல். போன வெள்ளி ரொட்டி சுட்டாள். இரண்டு வாடிக்கையாளர் இடையில் தொலைபேசி எடுத்ததில் ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. லாரா கருகிய பக்கம் கீழே இருக்கும்படி திருப்பித் திருப்பித் தட்டில் அடுக்கி, சம்பலையும் எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.