மஞ்சள் வைத்த வரைபடம்

இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தபடி அவர் நின்றிருப்பார். காலை வெயில் இரண்டு தாள்களையும் துளைத்து வரும். கட்டடக் கலைஞர் போட்ட சுவரும் நாங்கள் கணக்கிட்ட தூணும் அந்த வெளிச்சத்தில் பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரு நூல் விலகினாலும் காதில் செருகியிருக்கும் சிவப்புப் பென்சில் இறங்கிவிடும். கோவையில் நான் வேலை பார்த்த வடிவமைப்பு அலுவலகத்தில் அவரை எல்லோரும் செக்கிங் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். என் வயதுதான் அவருக்கும். தூணையும் அஸ்திவாரத்தையும் கணக்கிட்டு வரைவது என் வேலை. படம் சைட்டுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்ப்பது அவர் வேலை.

"மேடத்துகிட்டக் கல்யாணப் பத்திரிகையக் குடுத்தாலும் செவப்புல சுழிச்சுத் திருப்பிக் குடுப்பாங்க" என்று கேலி பேசுவோம்.

"பொண்ணு பேரு தப்பா இருந்தா சுழிக்காம என்னங்க பண்றது? தாலி கட்டினதுக்கப்புறம் சொல்லட்டுங்களா?" என்பார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்னூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்காரர், வேலைக்கு வரும் பெண்கள் தங்குவதற்கு மூன்று மாடி விடுதி கட்ட எங்களிடம் வந்தார். ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் பூமி பூஜை. அதை விட்டால் ஆடி. அந்த ஒரு மாதம் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள்; பூஜை முன்பே முடிந்திருந்தால் வேலை நடக்கும். இங்கே முதலில் நாள் குறிப்பார்கள், பிறகுதான் கட்டடத்தை யோசிப்பார்கள். அந்தக் கடைசி வாரத்தில் வாஸ்து பார்ப்பவர் வந்து, மாடிப்படிக்கு மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியைத் தென்மேற்கே கன்னி மூலைக்கு மாற்றச் சொன்னார். கட்டடக் கலைஞர் தன் படத்தில் மாற்றினார். நான் என் அஸ்திவாரப் படத்தைத் தொடவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம். களைத்திருந்தேன் என்பது அதைவிட உண்மை.

பூஜைக்கு முந்தைய நாள் மத்தியானம் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"சார், இருபதாயிரம் லிட்டர் தண்ணி இந்த மூலையில ஏறுதுங்க. கீழ நாலு அஸ்திவாரமும் பழைய அளவுலயே இருக்குது."

"நாளைக்குப் பூஜை முடியட்டும் மேடம். திருத்தின படத்த அடுத்த வாரம் அனுப்பிச்சுப்போடலாம்."

"மஞ்சள் வெச்சுப்போட்டா மாத்த உடமாட்டாங்க சார். நீங்க இந்த ஊர்க்காரர்தானுங்களே, தெரியாதுங்களா?"

தெரியும். வரைபடத்தையும் பூஜையில் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டுவிட்டால், அந்தக் குடும்பங்களுக்கு அது வெறும் தாள் அல்ல. அதற்குப் பிறகு ஒரு கோட்டை அழிப்பதுகூட அபசகுனம். தெரிந்துதான் செய்தேன். அவர் கையெழுத்துப் போட மறுத்த கட்டத்தில் நானே போட்டேன். வரைந்தவர், சரிபார்த்தவர் என்ற இரண்டு கட்டங்களிலும் என் பெயரே அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் திருத்திய படம் போனது. ஆலைக்காரரின் அப்பா அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டாராம். மஞ்சள் படத்தை வைத்தே நான்கு அஸ்திவாரங்களும் கான்கிரீட் ஆயின. சைட் மேஸ்திரி போனில் சொன்னபோது, பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பக்கத்து மேசையிலிருந்து அதைக் கேட்ட மேடம் மறுநாள் அலுவலகத்துக்கு வரவில்லை. பஸ் ஏறி அன்னூருக்குப் போயிருந்தார். அங்கே நடந்ததையும் மேஸ்திரிதான் சொன்னார்.

"ஏனுங்க அம்மணி, பூஜை போட்ட படத்தத் தப்புங்கறீங்களா?" என்று ஆலைக்காரர் எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறார்.

"பூஜையில தப்பில்லீங்க. படந்தான் தப்பு. அந்த மூலைக்குக் கீழ பொண்ணுங்க படுத்துத் தூங்கப் போறாங்க."

மறுநாள் காலை எங்கள் முதலாளி மேடத்திடம், யாரைக் கேட்டு சைட்டுக்குப் போனீர்கள் என்று நின்றபடியே கேட்டார். தப்பு என்னுடையது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேசையில் கிடந்த அடிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவருடைய வேலை அத்தோடு போயிற்று. இரண்டு வாரம் கழித்து, ஆலைக்காரர் வெளியிலிருந்து வரவழைத்த ஒரு இன்ஜினியர் பார்த்து, நான்கையும் உடைத்துப் பெரிதாகக் கட்டச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போனில் மேடத்துக்கு ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் சொல்ல வேண்டிய மற்றதெல்லாம் வரிசையில் நின்றது. சொல்லவில்லை.

இப்போது யாரும் தாளை ஜன்னலில் பிடிப்பதில்லை. தூணும் சுவரும் மோதினால் கணினித் திரையே சிவப்பாகிறது. சிவப்பைப் பார்த்த பிறகும், பூஜை நாள் நெருங்கிவிட்டது என்று சம்மதம் என்ற பொத்தானை அழுத்துகிறோம். நானும்தான். அழுத்தி அழுத்தி விரல்தான் மரத்திருக்கிறது.

போன மாதம் ஈரோடு ஜங்ஷனில் மேடத்தைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. மனதுக்குள் பல வருடம் திருத்தித் திருத்தி வைத்திருந்த மன்னிப்பை எடுப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"சார், அந்த நாலு அஸ்திவாரத்தையும் ஒடச்சாங்களாங்க?"

"ஒடச்சுக் கட்டினாங்க மேடம். அந்த மாசமே."

பிளாட்பாரப் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். "அன்னூர் வழியா பஸ்ல போறப்பெல்லாம் கண்ண மூடிக்குவேனுங்க" என்றார். பிறகு என் பக்கம் முகம் திரும்பியது. சிவப்புப் பென்சிலை எடுக்கும்போது வரும் அதே முகம்.

"எந்த அளவுல போட்டாங்க? நீங்க போய்ப் பாத்தீங்களா?"

நான் போகவே இல்லை. அவருடைய வண்டி வருவதாக ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. அவர் எழுந்திருக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.