துரைக்கு விட்ட வழி

என் அப்பாவின் துரையைச் சாய்த்தவள் நான். எங்கள் வீட்டு மேசையில் வேறு யாராலும் அது முடியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லவும் போவதில்லை.

துரை என்றால் உயிருள்ள துரை இல்லை. வெள்ளைக் குதிரை மேல் வாளை நீட்டியபடி உட்கார்ந்திருந்த, விரல் உயர ஈயப் பொம்மை. புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்பா பெரிய கிளாக்கராக, கணக்கு எழுதுகிறவராக இருந்தார். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். மற்றவர்கள் கதிரையும் அலுமாரியும் எடுத்தார்கள். அப்பா ஒரு பெட்டி நிறைய ஈயச் சிப்பாய்களை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பா வேலையை விட்டு நாங்கள் கண்டி டவுனுக்குக் குடிவந்த பிறகு, சாப்பாட்டு மேசை ஞாயிறுதோறும் போர்க்களம் ஆனது. மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அப்பா பச்சைப் போர்வையை விரிப்பார். போர்வைக்கு அடியில் புத்தகங்களைச் செருகினால் மலை. எதிர்ப்படையை நடத்த மடவளையிலிருந்து பஸ் ஏறி ஒரு முஸ்லிம் அண்ணன் வருவார், நானா என்றுதான் கூப்பிடுவோம். டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர். வியாபாரத்தில் கெட்டிக்காரர், யுத்தத்தில் மகா அவசரக்காரர்.

விதிகள் எளிது. ஆளுக்கு ஒரு முறை மாறி மாறி நகர்த்த வேண்டும்; ஒரு முறையில் எத்தனை பேரையும் நகர்த்தலாம். காலாளுக்குச் சின்ன நூல், குதிரைக்கு நீள நூல். அந்த நூல் எட்டும் தூரம்தான் போகலாம். போய் எதிரியைத் தொட்டால் அவன் செத்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளைப் பீரங்கி உண்டு. உள்ளே சுருள்கம்பி. அதில் மரக்குச்சியைப் போட்டு விசையை இழுத்தால் பாயும். குச்சி பட்டு விழுந்தவன் செத்தான், ஆடிவிட்டு நின்றவன் பிழைத்தான். தளபதி விழுந்தால் மிச்சப் படை எவ்வளவு இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. அந்தத் தளபதியைத்தான் இரண்டு பக்கத்திலும் துரை என்று சொல்வோம்.

அப்பாவின் துரை விழுந்ததே இல்லை. பின்னால் உயர்ந்த மலையில் அவரை நிறுத்தி, முன்னால் சிப்பாய்களை நெருக்கமாக அடுக்கிவிடுவார். எந்தக் குச்சி போனாலும் முதலில் ஒரு சிப்பாய்தான் விழுவான். நானா தன் குதிரைகளையெல்லாம் ஓரமாகச் சுற்றி அனுப்பி மலையைப் பிடிக்கப் பார்ப்பார். பாதி வழியிலேயே அப்பாவின் பீரங்கி அவற்றைப் படுக்கவைத்துவிடும். "அடுத்த கெழம பாப்போம், கிளாக்கரையா" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போவார். அவர் வராத ஞாயிறுகளில் அவருடைய கதிரையில் நான் உட்காருவேன். சிப்பாய்களை ஒவ்வொருவனாகக் கொன்று துரையை நெருங்கப் பார்த்தேன். அதற்குள் என் படை கரைந்துபோகும். என் துரையையே தூண்டிலாக முன்னால் அனுப்பிப் பார்த்தேன். அப்பா தூண்டிலையும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டார்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் படித்த கன்னியர் பள்ளியில் ஆசிரியப் பயிற்சிக்கு என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அப்பா சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அவர் மசியவில்லை. பயிற்சி முடிந்தால் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் அனுப்புவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"நான் அந்த மலையவிட்டு எறங்கி வந்ததே நீ ஏறிப் போகாம இருக்கத்தான். அத்தை மகன் கேட்டுக்கிட்டு இருக்கான். கட்டிக்கிட்டு டவுன்லயே இரு" என்றார்.

அத்தை மகன் நல்லவன்தான். நல்லவன் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இந்த மேசையில ஒங்க துரைய நான் சாய்ச்சிட்டா அனுப்புவீங்களா?"

நானா பக்கத்தில் இருந்தார். அப்பா அவரைப் பார்த்துச் சிரித்தார். சவால் என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிற மனிதர்.

"சாய்ச்சுக் காட்டு. பயிற்சிக்குப் போற அன்னைக்கும் வேலைக்குப் போற அன்னைக்கும் நானே பெட்டி தூக்குறேன். சாய்க்கலன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுடணும்."

ஒரே ஆட்டம். அடுத்த ஞாயிறு. நானா நடுவர்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பழைய ஆட்டங்களே நினைவில் ஓடின. ஒரு முறை நானாவின் குதிரை ஒன்று தப்பித் தவறி மலைக்குப் பின்னால் போய்விட்டது. அப்பா துரையை முன்பக்கம் இறக்கினார். இறக்குவதற்கு முன் அவர் விரல்கள் சிப்பாய்களை இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று ஒதுக்கின. அதற்குப் பிறகே துரையின் வெள்ளைக் குதிரை நகர்ந்தது. அப்படி ஒதுக்க வேண்டும் என்று விதியில் ஒரு வார்த்தையும் இல்லை. குதிரை அவர்களைச் சுற்றிக்கொண்டும் போயிருக்கலாம்.

அதை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று கடைசியில் நினைவு வந்தது. தோட்டத்தில் துரையின் குதிரை வந்தால் எல்லாரும் பாதையை விட்டு இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும். நான் சின்னவளாக இருந்தபோது, கொட்டுகிற மழையில், பெரிய கிளாக்கரான என் அப்பா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, மடக்கிய குடையோடு பாதையோரக் கானில், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலில், இறங்கி நின்றார். சப்பாத்துக்குள் தண்ணீர் ஓடியது. துரை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு அதில் அவமானம் எதுவும் தெரியவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. துரை வரும் வழியில் ஆள் நிற்கக் கூடாது என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டிருந்தது. இப்போது ஈயத் துரைக்கும் அதே மரியாதை.

ஞாயிறு வந்தது. என் பீரங்கியை மேசையின் நடுவில், மலைக்கு நேராக வைத்தேன். குச்சியைப் போட்டு விசையை ஏற்றினேன். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. குதிரைகளை இரண்டு ஓரமும் பிரித்து ஓட விட்டேன். அப்பாவின் பீரங்கி ஒவ்வொன்றாக வீழ்த்தியது.

"மகள், ஒங்கட பீரங்கி தூங்குதா?" என்றார் நானா. பதறிப்போய் அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"தூங்கட்டும் நானா."

அப்பாவின் காலாள்கள் இறங்கி வந்து என் முன்வரிசையைத் தின்றார்கள். இறங்கி வந்தவர்களில் ஒருவனையாவது சுட்டு வீழ்த்து என்று விரல் துடித்தது. சுட்டிருந்தால் விசையை மறுபடி ஏற்றவே ஒரு முறை போய்விடும், அப்புறம் அத்தை மகன்தான். நான் சுடவில்லை. கடைசியில் இரண்டு குதிரைகள் மலைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. அடுத்த முறை அவை துரையைத் தொட்டுவிடும்.

அப்பா யோசித்தார். காவலுக்கு நின்றவர்களைப் பின்பக்கம் திருப்பியிருந்தால் நான் தோற்றிருப்பேன். ஆனால் துரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போட அவருக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். அவர் கை மலையின் முன்பக்கம் போனது. சிப்பாய்களை இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று அழகாக ஒதுக்கினார். வெள்ளைக் குதிரை நடுவில் இறங்கி வந்து நின்றது. அதற்கும் என் பீரங்கிக்கும் இடையில் பச்சைப் போர்வை மட்டும்தான் இருந்தது.

விசையை இழுத்தேன். குச்சி குதிரையின் நெஞ்சில் பட்டது. துரை பின்னால் ஆடினார், முன்னால் ஆடினார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். துரை வாளோடு குப்புற விழுந்தார்.

"கிளாக்கரையா, ஒங்கட தொரை போயிட்டார்" என்று நானா எழுந்தே நின்றுவிட்டார்.

அப்பா அந்த வெற்றுப் பாதையை விரலால் தடவிப் பார்த்தார். "நடுவுல ஒருத்தனும் நிக்கலையே, ஏன்?"

"நீங்கதாம்ப்பா ஒதுக்குனீங்க. துரை வர்றாருன்னு."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. துரையை நிமிர்த்தி வைக்காமலே எழுந்து, அம்மாவிடம் போய், என் பயணத்துக்குத் தகரப் பெட்டியைத் தட்டித் துடைத்து வைக்கச் சொன்னார். நான் பெருமையில் அன்று சாப்பிடக்கூட இல்லை.

பயிற்சி முடிந்து மடுல்கெல்லையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம் கிடைத்தது. பயிற்சிக்குப் போன அன்று போலவே, அன்றும் சொன்ன சொல் தவறாமல் அப்பாவே என் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி மலைப் பாதையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு குடை. வளைவில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. அந்தத் தோட்டத்துத் துரை. அப்பா சட்டென்று பெட்டியைக் கீழே வைத்துக் குடையை மடக்கினார். ஒரு கால் கானுக்குள் இறங்கிவிட்டது.

நான் அசையவில்லை. குடையையும் மடக்கவில்லை.

"அப்பா, நனையாதீங்க. மேல வாங்க."

அவர் என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். காலை எடுத்துப் பாதையில் வைத்தார். குடையை மறுபடி விரித்தார். என் அப்பாவை நினைத்து அன்றைக்குப் போல நான் என்றைக்கும் பெருமைப்பட்டதில்லை. குதிரை எங்களுக்கு முன்னால் வந்து தயங்கி நின்றது. துரை ஏதோ முணுமுணுத்துக் கடிவாளத்தை இழுத்தார். குதிரை தேயிலைச் செடிப் பக்கமாக ஒதுங்கி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

குளம்புச் சத்தம் அடங்கும் வரை அப்பா திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"குதிரைக்கு ஒதுங்கத் தெரியுது" என்றார். "இத்தன வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே, தாயி."

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் வரைக்கும் பாதையின் நடுவிலேயே நடந்து வந்தார்.